வெளிநாட்டில் குடியேறியபின் ஓய்வூதியம் பெறுவது எப்படி?

கேள்வி: அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், மகளுடன் மெல்போர்னில் நிரந்தரமாகத் தங்கப்போகிறேன். குன்னூர் வங்கிக் கிளையில் வரவாகும் ஓய்வூதியத்தை அங்கே பெற முடியுமா?

பதில்: ஐயா, ஓய்வூதியம் இங்குள்ள கணக்கிலேயே ரூபாயில் வரவாகட்டும். குடிபெயர்ந்ததும் அக்கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தை வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) மாற்றும்படி எழுதிக்கொடுங்கள். ஓய்வூதியம் நடப்பு வருமானம் என்பதால், உரிய வரி செலுத்தியபின், அக்கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப உள்ள ஆண்டுக்குப் 10 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பில் சேராமலேயே அதை மகள் ஊருக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

மற்றொருவர் பதில்: நவம்பரில் தரவேண்டிய உயிர்வாழ் சான்றிதழை மறந்துவிடாதீர்கள்; மெல்போர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் அதற்குச் சான்றொப்பம் பெறலாம். என் அண்ணனின் நடுங்கிய கையெழுத்து பழைய ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று அவருடைய சான்றிதழை வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் பணம் வராமல் அவர் பட்ட பாட்டைக் கோத்தகிரியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புறப்படுமுன் வங்கியில் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. திங்கட்கிழமையே கிளைக்குச் செல்கிறேன்.