மார்பு ஆபரேஷன் ஆன அம்மா பால்குடம் எடுக்கலாமா?

சாட்ஸ்வர்த் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. போன வருஷம் இடது மார்பில் புற்றுநோய் ஆபரேஷன், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள், பிறகு ரேடியேஷனும் ஆயிற்று. நெறிக்கட்டிகளை எடுத்தால் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) தேங்கி அந்தப் பக்கக் கை வீங்கலாமாம். அம்மாவுக்கு இடது கை இதுவரை வீங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று வரிசையாக இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து காய்கறிப் பையைக்கூட வலது கையால்தான் தூக்குகிறார். ஆனால் தைப்பூசத்துக்கு இங்கே டர்பனில் கிளேர்வுட் கோவிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார்! நான் வேண்டாம் என்கிறேன், பெரியம்மா "முருகன் பார்த்துக்குவான், நீ சும்மா இரு" என்கிறார். அப்புறம் ஏப்ரலில் சென்னைக்கு விமானப் பயணம் வேறு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
எனக்கு இந்தக் கை வீக்கம் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். முதலில் வளையல் இறுகியது, சட்டைக் கை பிடித்தது, அவ்வளவுதான், வலி ஒன்றும் இல்லை. ரோஜாச் செடி வெட்டும்போது முள் கீறியதை நான் கண்டுகொள்ளாமல் விட்டதில் இரண்டு நாளில் கை சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தது. அதற்குப் பிறகு வீக்கம் முழுசாக வடியவே இல்லை. கனத்தைவிடக் கீறலுக்குத்தான் பயப்பட வேண்டும் என்பேன். தோட்ட வேலைக்குக் கையுறை, வெட்டுப்பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து. சிவந்தால் அன்றைக்கே டாக்டர்.

ஃபீனிக்ஸ் பிசியோ:
அக்கா சொன்னது சரி. அந்தத் தாளில் உள்ளவை பல காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கைகள், எல்லாவற்றுக்கும் ஆதாரம் கிடையாது. பாஸ்டனில் 600க்கும் மேற்பட்ட பெண்களின் கையைத் தொடர்ந்து அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் எடுப்பது, ஊசி, பிரஷர் பார்ப்பது, விமானப் பயணம் இவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது அக்குள் நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுப்பது, உடல் எடை கூடுதலாக இருப்பது, தோலில் வரும் கிருமித்தொற்று. அம்மாவுக்கு முதலாவது இருக்கிறது, ரேடியேஷனும் ஆகியிருக்கிறது, ஆகவே வீக்கமே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களைவிட இவருக்கு வாய்ப்பு அதிகம்தான்.

கனம் தூக்குவதற்கு வருகிறேன். கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு அமெரிக்காவில் இதைத்தான் சோதித்தது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர் ஒரு வருஷம் வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். 2009இல் முடிவு வந்தபோது, வீக்கம் கிளம்பி மோசமானது தூக்கியவர்களில் 14 சதவீதம், தூக்காதவர்களில் 29 சதவீதம். கையைப் பொத்திப் பொத்தி வைத்தால் தசை வலுவிழக்கும், அப்புறம் ஒரு சாதாரண வாளியே அதற்குப் பெரும் பாரமாகிவிடும்.

டர்பன் தம்பி:
பிசியோ அக்கா, அது ஏசி ஜிம்மில் நடந்திருக்கும். இங்கே தைப்பூச வெயிலும் புழுக்கமும் உங்களுக்கே தெரியும், அதில் மணிக்கணக்கில் வெறுங்காலோடு வரிசையில் நிற்பது அதுவும் இதுவும் ஒன்றா?

ஃபீனிக்ஸ் பிசியோ:
நியாயமான கேள்வி தம்பி. அந்தப் பெண்கள் அளவெடுத்த கம்ப்ரஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட்டுக்கொண்டு, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, பயிற்சியாளர் பார்க்க மெல்ல மெல்லக் கூட்டினார்கள். ஒரு வருஷம் சும்மா இருந்த கையோடு நேரே குடத்தைத் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. வெயிலில் சிலருக்கு வீக்கம் கூடுவதும் உண்மை. அதனால் சிறிய செம்பு, விடியற்காலை வரிசை, நடுவில் கையை இறக்கி ஆற்றிக்கொள்ள இடம். வீட்டில் இப்போதே அரை லிட்டர் தண்ணீரோடு தொடங்கட்டும், மறுநாள் கை கனமாகத் தெரிந்தால் அளவைக் குறைக்கட்டும்.

சாட்ஸ்வர்த் மகள்:
மிக்க நன்றி. செம்பு சின்னதாக இருந்தால் முருகன் கோபிப்பாரா என்று அம்மா கேட்கிறார், அதைப் பெரியம்மாவிடம் தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து வேல் குத்திக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறாராம்.

ஃபீனிக்ஸ் பிசியோ:
அதற்கு மட்டும் வேறு பதில். இடது கையிலோ, இடது பக்க மார்பிலோ முதுகிலோ வேலும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். அந்தப் பக்கத் தோல் நிணநீரும் அதே அக்குளுக்குத்தான் வடிய வேண்டும். மற்ற இடத்தில் என்றாலும் ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.