வெள்ளிக்கிழமைக்குள்ளா, வெள்ளிக்கிழமை வரையா?

குழு: நம்ம வீடு

நான்: அத்தை, இதை மேனேஜருக்கு அனுப்பலாமா? “ஐ ஜாயின்டு இன் ஜூன் 3, 2024 அஸ் எ டிரெய்னி. ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே.”

அத்தை: கொஞ்சம் பொறு கண்ணா. முதலில் அந்த ‘இன்’. ஜூன் 3 என்றால் ‘ஆன்’ தான் வரும்.

நான்: மாதத்துக்கு ‘இன்’ என்றுதானே படித்தோம்?

அத்தை: வெறும் ஜூன் என்றால் ‘இன்’. தேதி ஒட்டிக்கொண்டால் அது ஒரு நாள், அதனால் ‘ஆன்’. காலைக்கும் இதே கதைதான். ‘இன் த மார்னிங்’, ஆனால் ‘ஆன் மண்டே மார்னிங்’. மணிக்கு ‘அட்’. இரவுக்கும் ‘அட் நைட்’.

சித்தப்பா: அக்கா, ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுதலாமா?

அத்தை: வேண்டாம் தம்பி. நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் முன்னால் எதுவும் போடாதே. தமிழிலும் ‘அடுத்த திங்கட்கிழமை வா’ என்று சும்மாதானே சொல்கிறோம்.

அத்தை: அடுத்தது ‘அன்டில்’. இதைத்தான் கட்டாயம் மாற்ற வேண்டும். நீ சொல்ல நினைத்ததைத் தமிழில் சொல்.

நான்: வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுகிறேன்.

அத்தை: அந்த ‘குள்’ தான் ‘பை’. ‘வரை’ என்றால்தான் ‘அன்டில்’. வெள்ளிக்கிழமை வரை லீவு என்றால் ‘அன்டில் ஃப்ரைடே’. நீ எழுதியிருப்பதைப் படித்தால், வெள்ளி வரை ரிப்போர்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பாய் என்று வருகிறது.

அக்கா: அப்படியென்றால் ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டையும் இப்படிப் பிரிக்கலாமா அத்தை?

அத்தை: தாராளமாக. ‘2019 முதல்’ என்றால் ‘சின்ஸ் 2019’. ‘ஐந்து வருடமாக’ என்றால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’.

சித்தப்பா: என் பயோடேட்டாவில் ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று இருக்கிறது!

அத்தை: இன்றைக்கே மாற்றிவிடு தம்பி.

நான்: கமா சரியா அத்தை?

அத்தை: ஒன்று குறைகிறது. நீ எழுதியிருப்பது அமெரிக்க முறை. அதில் வாக்கியம் தொடர்ந்தால் 2024-க்குப் பிறகும் கமா வரும். ‘3 ஜூன் 2024’ என்று பிரிட்டிஷ் முறையில் எழுதினால் கமாவே வேண்டாம். ‘ஜூன் 2024’ என்றாலும் வேண்டாம்.

அக்கா: ‘இன் 2024’ என்று வாக்கியத்தை ஆரம்பித்தால்?

அத்தை: சின்னத் தொடர்தானே, கமா உன் விருப்பம். ஆனால் ‘இன் 2024, 30 ட்ரெய்னீஸ் ஜாயின்டு’ மாதிரி இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் கட்டாயம் போடு. இல்லாவிட்டால் படிப்பவர் தடுமாறுவார்.

நான்: “ஐ ஜாயின்டு ஆன் ஜூன் 3, 2024, அஸ் எ டிரெய்னி. ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் பை ஃப்ரைடே.”

அத்தை: இப்போது சரி கண்ணா, அனுப்பு.

சித்தப்பா: அக்கா, பயோடேட்டாவை மாற்றிவிட்டேன். இங்கே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.