அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிபவரை) ரேட்டிங் வைத்து எடைபோடுவது: உங்கள் அனுபவம் என்ன?

லப்பக்வாசி:
டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நெருங்கினால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பாஸிங் யார்டு (பாஸ் எறிந்து அணி முன்னேறிய தூரம்) பட்டியலைத் தூக்கிப் போட்டு, மேலே இருப்பவன் கெட்டிக்காரன், கீழே இருப்பவன் தேறமாட்டான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். அவர்களிடம் நான் எடுத்து வைப்பது 2016 அக்டோபர் 22-ம் தேதி ஆட்டத்தைத்தான். அப்போது லப்பக்கில் இருக்கும் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன், லேப் ஆட்களோடு மாணவர் பகுதியில் நின்றபடியே பார்த்தேன். வந்திருந்தது ஓக்லஹோமா. அவர்களுடைய குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் 2013-ல் எங்கள் பக்கம் ஆடிவிட்டு அங்கே போனவர், அதனால் அவரைத் திட்டித் தீர்க்கவே பாதி ஊர் வந்திருந்தது. எங்கள் பக்கம் பேட்ரிக் மஹோம்ஸ்.

மஹோம்ஸ் அன்று 88 பாஸ் போட்டார், 734 யார்டு. ஆனாலும் 66-59 என்று தோற்றோம். மேஃபீல்ட் போட்டது வெறும் 36 பாஸ், 545 யார்டு, 7 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது). ஒரு பாஸுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: இவருக்கு 8 யார்டு சொச்சம், அவருக்கு 15. இத்தனைக்கும் இரண்டு அணியும் மொத்தமாக எடுத்தது ஆளுக்கு 854 யார்டு, ஒரு யார்டுகூட வித்தியாசமில்லை!

எங்கள் டிஃபென்ஸ் அந்த வருஷம் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஸ்கோரில் பின்னால் இருக்கும் அணி பந்தோடு ஓடி நேரத்தைக் கழிக்க முடியாது, எறிந்துகொண்டேதான் இருக்க வேண்டும், எறிய எறிய யார்டு ஏறும். சீசன் முடிவில் மஹோம்ஸின் கணக்கு 5,052 யார்டு, 41 டச்டவுன், அணியின் கணக்கு 5 வெற்றி 7 தோல்வி. லப்பக்கில் இந்த மாதிரி எண்கள் புதிதும் இல்லை. 2003-ல் பி.ஜே. சைமன்ஸ் 5,833 யார்டு எடுத்தார், கிரஹாம் ஹாரல் நான்கு வருஷத்தில் 15,000-த்தைத் தாண்டியும் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. அதனால் மஹோம்ஸையும் சிஸ்டம் ஆள் (அணியின் ஆட்ட முறையால் எண் ஏறியவர்) என்றுதான் பலர் தள்ளினார்கள். அவர் வலது பக்கம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, காலை ஊன்றாமல், உடம்புக்குக் குறுக்கே கையை வளைத்து எறிவதை நேரில் பார்த்தவனுக்கு அவரும் சைமன்ஸும் ஒன்று என்று தோன்றவே தோன்றாது. ஆனால் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

பழைய அட்லாண்டா ஆள்:
எனக்கு நேர் எதிர் அனுபவம். 2009, ஜார்ஜியா டெக். பயிற்சியாளர் பால் ஜான்சன், டிரிபிள் ஆப்ஷன் ஆட்டம், அதாவது ஓடுவதுதான் தொழில், பாஸ் எப்போதாவது. குவார்ட்டர்பேக் ஜோஷ் நெஸ்பிட்டின் பாஸ்களில் பாதிகூட ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) கைக்குப் போகவில்லை, 46 சதவீதம் என்று ஞாபகம். ஆனால் ரேட்டிங் 148-க்கு மேல்! என் ரூம்மேட் புள்ளியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான், எண்ணில் ஏதோ தப்பு என்று ஒரு மாலை முழுக்க என்னோடு மல்லுக்கு நின்றான்.

தப்பு ஒன்றும் இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ-வின் ரேட்டிங் சூத்திரம் இதுதான்: யார்டை 8.4-ஆல் பெருக்கு, டச்டவுனுக்கு 330, கைக்குப் போன ஒவ்வொரு பாஸுக்கும் 100 கூட்டு, இன்டர்செப்ஷனுக்கு (எதிரணி பிடித்துவிட்ட பாஸுக்கு) 200 கழி, மொத்தத்தையும் போட்ட பாஸ்களின் எண்ணிக்கையால் வகு. 1979-ல் வந்த கணக்கு, அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருஷ சராசரி 100 வருகிற மாதிரி அமைத்தார்கள். பாஸ் ஒவ்வொன்றும் 40 யார்டு போனால், பாதி தரையில் விழுந்தாலும் ரேட்டிங் ஏறத்தான் செய்யும். நெஸ்பிட் எறிந்தது பெரும்பாலும் டெமேரியஸ் தாமஸுக்கு. தாமஸ் அந்த சீசனில் பிடித்தது 46 பாஸ், 1,154 யார்டு. எதிரணியில் எல்லோரும் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் வந்து நிற்பார்கள், பின்னால் தாமஸோடு ஒரே ஒரு பாவப்பட்ட ஆள் மட்டும். அந்த 148-ல் நெஸ்பிட்டின் கைக்கு எவ்வளவு பங்கு, தாமஸின் காலுக்கு எவ்வளவு, ஆப்ஷனுக்கு எவ்வளவு என்று ரூம்மேட்டும் நானும் பிரித்துப் பார்த்தோம், முடியவில்லை. அடுத்த டிராஃப்டில் முதல் சுற்றில் போனது தாமஸ்தான்.

பெயர் வேண்டாம்:
734 என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. 2014-ல் வாஷிங்டன் ஸ்டேட்டின் கானர் ஹாலிடே கலிஃபோர்னியாவுக்கு எதிராக எடுத்ததும் அதே 734. அவர்களும் தோற்றார்கள், 60-59. எதிர்ப்பக்கம் ஜாரெட் காஃப். காஃப் 2016 டிராஃப்டில் முதல் ஆள், மேஃபீல்ட் 2018-ல் முதல் ஆள். ஹாலிடேவை யாரும் எடுக்கவில்லை.

கணக்கு நோட்டு:
நான் ஒரு பொழுதுபோக்காக ஆட்டங்களைப் பார்த்துக் கையால் குறித்து வைப்பவன். பெரிய தத்துவம் எல்லாம் இல்லை, இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, சாக், அதாவது பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கைப் பின்னாலேயே வீழ்த்திவிடுவது. கல்லூரிக் கணக்கில் சாக் ஆனால் இழந்த யார்டு குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழியும், பாஸிங் ரேட்டிங்கைத் தொடவே தொடாது. ஆக, ஆபத்து வரும்போது பந்தை வெளியே எறிந்து அணியைக் காப்பாற்றுகிறவனுக்கு ரேட்டிங் இறங்கும், பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பத்து யார்டு பின்னால் விழுகிறவனுக்கு அப்படியே இருக்கும். இரண்டு, குறுக்கே ஓடி வருகிற ரிசீவரிடம் பந்தை ஒரு அடி முன்னால் தட்டிவிடும் அந்தச் சின்ன பாஸ். அவர் ஐம்பது யார்டு ஓடினால் ஐம்பதும் குவார்ட்டர்பேக்கின் பாஸிங் யார்டு. கையில் கொடுத்திருந்தால் பூஜ்யம். தட்டையான பிட்ச்சில் அடித்த சதத்தை எண்ணுகிற மாதிரிதான். நான் இப்போது குறித்துக்கொள்வது பந்து காற்றில் எத்தனை யார்டு போனது என்பதை மட்டும்.

பேட்டன் ரூஜ் அண்ணன்:
எண்களை இவ்வளவு திட்ட வேண்டாம் தம்பிகளா. 2018-ல் ஜோ பர்ரோ எல்எஸ்யு-வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வந்த வருஷம் 57.8 சதவீதம், 16 டச்டவுன், ரேட்டிங் 133.2. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தீவிர எல்எஸ்யு ரசிகர், இவன் பரவாயில்லை, அவ்வளவுதான் என்பார். அடுத்த வருஷம் அதே ஆள் 76.3 சதவீதம், 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 202, அணி 15-0. ஜோ பிரேடி வந்து பாஸ் ஆட்டத்தை மாற்றினார், ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தார்கள், எல்லாம் சரி. ஆனால் என் வாதம் என்னவென்றால் இரண்டு எண்ணுமே பொய் சொல்லவில்லை, இரண்டுமே பர்ரோ என்கிற தனி ஆளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதற்கு அடுத்த வருஷமே அலபாமாவின் மேக் ஜோன்ஸ் 203.1 எடுத்து அதைத் தாண்டினார். அந்த அணியில் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியது யார்? பந்தைப் பிடித்த டெவான்டா ஸ்மித்.

அப்புறம் ஜாஷ் ஆலன் விஷயம். வயோமிங்கில் 2017-ல் 56.3 சதவீதம், 16 டச்டவுன், ஆனாலும் பஃபலோ 7-வது இடத்தில் எடுத்தது, இன்று அவர் எங்கே இருக்கிறார் பாருங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு கோணல் கைக்காரப் பையனுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-ல் முதல் இரண்டு வருஷமும் ஆலன் 60 சதவீதத்தைத் தொடவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த 56.3 அவரைப் பற்றிச் சொன்னது உண்மைதான். அவர் மாறினார், 2020-ல் 69 சதவீதத்துக்குப் போனார், அது அபூர்வம். அபூர்வத்தை விதியாக்காதீர்கள்.

லப்பக்வாசி:
அண்ணன் சொல்வதை முழுசாக ஏற்றுக்கொள்கிறேன், ஆலன் பகுதியையும் சேர்த்துத்தான். யார்டு மொத்தத்தையும் ரேட்டிங்கையும் நான் தூக்கிப் போடவில்லை, அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்கிறேன். சின்னப் பள்ளிகளோடு ஆடிய ஆட்டங்களை முதலில் எடுத்துவிடுவேன். ஹூஸ்டனின் டேவிட் கிளிங்ளர் 1990-ல் ஒரே ஆட்டத்தில் 11 டச்டவுன் பாஸ் போட்டார், எதிரணி ஈஸ்டர்ன் வாஷிங்டன், ஸ்கோர் 84-21. அதை வைத்து என்ன முடிவு செய்வது? அதன் பிறகு மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) எட்டு யார்டுக்கு மேல் வேண்டிய நேரங்கள். எதிரணிக்கும் தெரியும் பாஸ்தான் வரும் என்று, ஸ்க்ரீன் (தடுப்பவர்களை முன்னால் விட்டுப் போடும் குட்டி பாஸ்) போட்டு ஏமாற்ற முடியாது. அங்கே என்ன செய்கிறான் என்று பார்ப்பேன்.

ஹவாய் பக்கம் இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன். 2006-ல் கோல்ட் பிரென்னன் 58 டச்டவுன் போட்ட சீசனை நான் ஸ்கோர்ப் பலகையில்தான் பார்த்தேன், அந்த ஆட்டங்கள் தொடங்கும்போது இங்கே நடு ராத்திரி. பந்து காற்றில் எவ்வளவு போனது, பிடித்தவர்கள் எவ்வளவு ஓடினார்கள் என்று உட்கார்ந்து பார்த்த ஆள் யாராவது வேண்டும்.