மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் குதிரையின் உடல்தகுதி குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது ஒன்பது வயதுக் குதிரை, காயடித்த ஆண், எடை கிட்டத்தட்ட 450 கிலோ. வெயில் மாதங்களில் வாரம் ஐந்து நாள் சவாரி, அதில் இரண்டு நாள் நல்ல கேண்டர் (மிதவேகப் பாய்ச்சல்) என்று உடம்பு முறுக்கேறி இருந்தது. இப்போது மழையும் குளிரும் சேர்ந்து பிடித்துக்கொண்டதில் மைதானம் முழுக்கச் சேறு, குளம்பு மூழ்கும் அளவுக்கு. வேலை முடிந்து நான் வருவதற்குள் இருட்டிவிடுகிறது, அதனால் பெரும்பாலான நேரம் லாயத்திலேயே நிற்கிறான். காலையில் போய்ப் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் கீழ்ப்பகுதியில் லேசாக வீங்கியிருக்கின்றன, கொஞ்சம் நடந்ததும் வடிந்துவிடுகிறது. வெளியே எடுத்தால் துள்ளல் தாங்கவில்லை. மழை ஓய்ந்ததும் நீண்ட தூர சவாரிக்கு அவனைத் தயார் செய்ய ஆசை. சேற்றிலேயே டிராட் (நடையைவிட வேகமான சீரான மெது ஓட்டம்), கேண்டர் செய்யலாமா, அல்லது இந்தக் காலம் முடியும்வரை விட்டுவிடுவதா? தீவனத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில் 1

சேற்றில் கேண்டர் வேண்டவே வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழமான சேறு ஒவ்வொரு அடியிலும் காலைப் பிடித்து இழுக்கும், முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாணுக்கு அதைவிடக் கெட்ட வேலை கிடையாது. லாடத்தைப் பிடுங்கிக்கொண்டு போவதும் அதே சேறுதான். மேலே மட்டும் வழுக்கி அடியில் கெட்டியாக இருக்கும் தரை இன்னும் மோசம், ஏனென்றால் பார்வைக்கு நன்றாகத் தெரியும், குதிரையும் நம்பி வேகமெடுக்கும்.

ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு நஷ்டம் ஆகாது. நன்றாகப் பயிற்சி பெற்ற குதிரைக்கு, வேலையை ஓரளவு குறைத்தாலும், சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் பெரிதாகப் பின்வாங்கிவிடாது. சீக்கிரம் கெடுவது வேறு: லாயத்தில் அடைபட்டு நிற்பதால் எலும்புக்கும் தசைநாணுக்கும் கிடைக்க வேண்டிய சுமை கிடைக்காமல் போகிறது, ஒருமுறை பலம் குறைந்தால் திரும்பப் பெற மாதக்கணக்கில் ஆகும். அதனால் இந்த மாதங்களில் புதிதாக எதையும் ஏற்றப் பார்க்காதீர்கள், இருப்பதைக் கரையவிடாமல் பிடித்துக்கொண்டால் போதும். அதற்குப் பெரிய ஆயுதம் நடைதான்.

நடை என்றால் கடிவாளத்தைத் தளரவிட்டு ஊர்ந்து போவதில்லை. கெட்டியான பாதையில், பின்னங்கால் முன்னங்கால் பதித்த தடத்தைத் தாண்டி விழும்படி, சுறுசுறுப்பாக 40 முதல் 60 நிமிடம். ஏற்றம் இருந்தால் ஏற்றத்தில் நடத்துங்கள். ஏற்றத்தில் நிமிடக்கணக்கில் நடந்தாலே மூச்சும் பின்புறத் தசைகளும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது சேணத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தெரியும். இருட்டில் போகிறீர்கள் என்றால் உங்களுக்கும் குதிரைக்கும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டாயம்.

சவாரி முடியாத நாளில் கையில் பிடித்து நடத்துங்கள். வழுக்காத, தண்ணீர் நிற்காத சின்ன இடம் கிடைத்தால் தரையில் நாலைந்து கட்டைகளைப் போட்டு, நடைக்கு ஏறத்தாழ 80 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அவனை அவற்றைத் தாண்டி நடக்கவையுங்கள். ஒவ்வொரு காலையும் தூக்கி வைக்க வேண்டும் என்பதால் வயிற்றுத் தசையும் முதுகும் வேலை செய்யும், வேகமே தேவையில்லை. பின்னால் தள்ளி நடப்பது, பக்கவாட்டில் கால் மாற்றி நடப்பது, இதெல்லாம் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். லஞ்சிங் (நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக ஓடவிடுவது) செய்தால் வட்டம் 20 மீட்டருக்குக் குறையாமல், இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல். துள்ளுகிறான் என்பதற்காகச் சின்ன வட்டத்தில் சுற்றவிட்டுக் களைப்பாக்குகிறார்கள் பலர், ஈரத் தரையில் அது மூட்டைக் காவு வாங்கும் வேலை.

குளிரில் உடம்பு சூடேற நேரம் எடுக்கும். எந்த வேலைக்கும் முன்பு 15 நிமிடமாவது நடை, அப்புறம்தான் டிராட்.

கால் வீக்கம் பற்றி: இரண்டு காலும் ஒரே மாதிரி, சூடில்லாமல், வலியில்லாமல் வீங்கி, நடந்ததும் வடிகிறது என்றால் நின்றுகொண்டே இருப்பதால் வருவது. ஒரே கால் மட்டும் வீங்கினாலோ, தொட்டால் சுட்டாலோ, நொண்டினாலோ அது வேறு விஷயம், காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தினமும் காலையில் நான்கு காலையும் முழங்காலிலிருந்து கணுவரை கையால் வருடிப் பாருங்கள். வழக்கமாக எப்படி இருக்கும் என்று உள்ளங்கைக்குப் பழகிவிட்டால், சின்ன சூடோ தடிப்போ வந்த அன்றே தெரிந்துவிடும்.

பதில் 2

தீவனம் பற்றி யாரும் சொல்லவில்லை, அது முக்கியம். வேலை குறைந்த அன்றே தானியத்தையும் குறைக்க வேண்டும். வெயில் மாதத்து அளவையே போட்டுக்கொண்டிருந்தால் துள்ளலுக்குப் பாதிக் காரணம் அதுதான். அதோடு சில நாள் சும்மா நிறுத்தி, முழுத் தானியமும் கொடுத்து, திடீரென்று வேலைக்கு எடுத்தால் பின்புறத் தசைகள் இறுகிக் கட்டையாகிவிடும், இதைத்தான் திங்கட்கிழமை நோய் என்பார்கள். வேலை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வியர்த்து, கால் எடுத்து வைக்கத் தயங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அங்கேயே நிறுத்துங்கள். நடத்திக் கூட்டிவராதீர்கள், மருத்துவரை அங்கே வரச்சொல்லுங்கள்.

புல்லைக் குறைக்காதீர்கள். ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், உங்கள் குதிரைக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல். நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது வருகிற சூடுதான் அவனுக்கு உள்ளே எரிகிற அடுப்பு. குளிர் கூடினால் புல்லைக் கூட்டுங்கள், தானியத்தை அல்ல.

தண்ணீரையும் கவனியுங்கள். நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்க வேண்டிய மிருகம், குளிர்ந்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பச்சைப் புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், காய்ந்த புல்லிலோ ஏறக்குறைய 15 சதவீதம்தான். நடமாட்டமும் குறைந்து தண்ணீரும் குறைந்தால் குடலில் சாணம் இறுகி வயிற்றுவலி வரும், குளிர்காலத்தில் இதுதான் எனக்குப் பெரிய பயம். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் நன்றாகக் குடிக்கும். தீவனத்தில் கொஞ்சம் உப்பு சேருங்கள். எத்தனை வாளி காலியாகிறது, எவ்வளவு சாணம் போடுகிறது என்று தினமும் பாருங்கள்.

இன்னொன்று, குளிர்கால ரோமத்துக்குள் உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. ரோமத்துக்குள் விரலை விட்டு விலா எலும்பின் மேல் தட்டையாக வைத்து வருடுங்கள். லேசாக அழுத்தினாலே எலும்புகள் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. உடம்பின் சதைப்பற்றுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் ஹென்னிக் அளவுகோலில் 5-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

பதில் 3

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. கடினமாக உழைத்த குதிரைக்கு வருடத்தில் சில வாரம் ஓய்வு நல்லதுதான், மனசுக்கும் சேர்த்து. ஆனால் ஓய்வு என்றால் வெளியே சுதந்திரமாக நடமாடும் ஓய்வு, நான்கு சுவருக்குள் நிற்பது ஓய்வு இல்லை. வடிகால் உள்ள, சரளை போட்ட சின்ன அடைப்பு ஒன்று இருந்தால் தினமும் சில மணி நேரம் அங்கே விடுங்கள். மழை பெய்கிறதே என்று தயங்காதீர்கள், ஒதுங்க ஒரு கூரையும் காற்றுத் தடுப்பும் இருந்தால் போதும். காய்ந்த ரோமம் காற்றைப் பிடித்துவைத்துக் குளிரைத் தாங்கும், நனைந்து படிந்துவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும் நாளில் மட்டும் தண்ணீர் புகாத, மூச்சுவிடும் போர்வை போடுங்கள், தினமும் கழற்றி அடியில் கைவிட்டுப் பாருங்கள்.

சேற்றில் நிற்பதால் கணுக்காலின் பின்பக்கம் பொருக்குத் தட்டிச் சிவந்து வலிக்கும் புண் வரும். டெர்மடோஃபிலஸ் என்ற கிருமி, ஊறிப்போன தோல் வழியே உள்ளே போகிறது. முதுகில் மழை பட்டுப் பட்டு ரோமம் கொத்துக்கொத்தாக உரிவதும் அதே கிருமியால்தான். தினமும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது ஈரத்தைக் கூட்டவே செய்யும். சேற்றைக் காயவிட்டு பிரஷ் போட்டு உதிர்ப்பது மேல். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டால் ஒற்றி முழுக்க உலர்த்திவிடுங்கள், கணுவின் மடிப்புக்குள்ளும்.

குளம்பைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேலை இல்லை என்பதற்காக லாடக்காரர் வருவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குளிருக்குப் பயந்து லாயத்தின் ஜன்னலை அடைக்கவும் வேண்டாம். குதிரை தலை தாழ்த்தித் தின்னும் உயரத்துக்கு நீங்கள் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிகிறது, மூத்திர நெடி அடிக்கிறது என்றால் அந்த நுரையீரலோடு அவனை நீண்ட தூரம் ஓட்ட முடியாது. புல்லில் தூசி இருந்தால் நனைத்துப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. தானியத்தை இன்றே குறைக்கிறேன். கெட்டியான பாதை ஒன்று இருக்கிறது, சின்ன ஏற்றமும் உண்டு, இத்தனை நாள் நடைக்கு என்று அதைப் பயன்படுத்தத் தோன்றவில்லை. இரண்டு சந்தேகம். இருப்பது கரையாமல் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், ரோமம் அடர்த்தியாக இருப்பதால் சீக்கிரம் வியர்த்து நனைந்துவிடுகிறான், மழிக்கலாமா?

பதில் 1

நல்ல கேள்வி. நாடித்துடிப்பைப் பாருங்கள். ஓய்வில் பெரும்பாலான குதிரைகளுக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அதே பாதை, அதே ஏற்றம், அதே நேரம் என்று வாரம் ஒரு முறை நடத்திவிட்டு, நின்ற உடனே ஒருமுறையும் பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணி எழுதிவையுங்கள். எண் வாரா வாரம் ஒரே மாதிரி வந்தால் நிம்மதியாக இருங்கள். இறங்குவதற்கு நேரம் கூடிக்கொண்டே போனால் தகுதி குறைகிறது, அல்லது எங்கோ வலி இருக்கிறது. நீண்ட தூரப் போட்டிகளில் குறித்த நேரத்துக்குள் 64 அல்லது அதற்கும் கீழே இறங்கியதா என்றுதான் பார்ப்பார்கள், இப்போதே பழகுவது உங்களுக்கும் நல்லது.

மழிப்பது: வெறும் நடை மட்டும் என்றால் தேவையில்லை. டிராட்டில் வியர்த்து, மணிக்கணக்கில் காயாமல் நிற்கிறான் என்றால் கழுத்தின் அடிப்பக்கம், மார்பு, வயிறு இவற்றை மட்டும் மழித்துவிட்டு முதுகையும் காலையும் விட்டுவிடுங்கள். மழித்துவிட்டால் போர்வை உங்கள் பொறுப்பு. வேலை முடிந்ததும் ஈரத்தை வெளியே இழுக்கும் கம்பளி போட்டு நடத்திக் காயவிட்டு, அது நனைந்ததும் மாற்றுங்கள். சேணம் இருந்த இடமும் இடுப்பும் காய்ந்துவிட்டதா என்று கையால் பார்த்த பிறகே லாயத்தில் விடுங்கள்.

தரை காய்ந்ததும் நேரே கேண்டருக்குப் போக வேண்டாம். முதல் இரண்டு வாரம் டிராட்டின் நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து ஏற்றாதீர்கள். காலையில் கால் குளிர்ச்சியாக, வீக்கமில்லாமல் இருந்து, நாடித்துடிப்பும் பழைய எண்ணுக்கு இறங்கினால் மூன்றாவது வாரத்தில் சின்னக் கேண்டர் ஒன்று சேர்க்கலாம்.