புதுப்பிப்பு: மோட்டர் தண்ணி இழுக்கேல்லை, காரும் ஸ்டார்ட் ஆகேல்லை – இரண்டும் சரி

ஒரே காலமை கிணத்து மோட்டரும் காரும் மக்கர் பண்ணுது எண்டு கேட்டிருந்தன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. "மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ, ஒண்டை முடிச்சிட்டு மற்றதைத் தொடுங்கோ" எண்டு பதில் எழுதின ஒரு அண்ணையின்ரை சொல்லுத்தான் பதட்டத்தைக் குறைச்சது.

மோட்டரின்ரை பிழை ஃபுட் வால்விலை (கிணத்துக்குள்ளை குழாயின்ரை அடிநுனியிலை, தண்ணி திரும்பி இறங்காமல் தடுக்கிற வால்வு). எங்கட தண்ணியின்ரை சுண்ணாம்பு படிஞ்சு மூடி சரியாக் குந்தேல்லை; குழாய்த் தண்ணி முழுக்கக் கிணத்துக்கே இறங்கியிருக்கு. வினாகிரியிலை இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டுத் தேய்ச்சு, குழாயைத் தண்ணியாலை நிரப்பி மோட்டரைப் போட்டவுடனை இழுத்தது. தண்ணியில்லாமல் மோட்டரை ஓடவிடாதேங்கோ, தண்ணி கசியாமல் தடுக்கிற சீல் எரியும்.

காரிலை பற்றரி முனையிலை பொடி படிஞ்சு பூத்திருந்தது. நெகட்டிவ்வை முதல் கழட்டி, ஒரு கப் சுடுதண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைச்சுக் கழுவி, ஈரம் துடைச்சு, பொசிட்டிவ்வை முதல் பூட்டி வசலின் பூசினன். எதிர்பாராதது: பற்றரி 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ்; பழுதே இல்லை.