லிங்கன் டவுன் கார் இன்றும் வாங்கத் தகுந்த சொகுசு வண்டிதானா?

பின்னிருக்கைப் பயணி:
மிச்சிகனில் வசிக்கிறோம். முழங்கால் வலியால் சிரமப்படும் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோவுக்கு ஐ-94 நெடுஞ்சாலையில் அடிக்கடி போய்வர வேண்டியிருப்பதால், 2009 முதல் 2011 வரை வெளிவந்த லிங்கன் டவுன் கார்களில் ஒன்றைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அதே காலத்துக் கேடிலாக் டிடிஎஸ் வண்டியும் என் பட்டியலில் இருக்கிறது. சொகுசையும் ஓட்டத்தையும் சேர்த்து எடைபோட்டால் எது தேறும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய வி8:
தயங்காமல் டவுன் காரை வாங்குங்கள். சொகுசு என்றதும் பலரும் இருக்கையின் மென்மையையே நினைக்கிறார்கள். இந்த வண்டியிலோ அது சேசிஸ் எனும் அடிச்சட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. தனிச் சேசிஸின் மீது ரப்பர் தாங்கிகளை வைத்து, அவற்றின் மேல் கூட்டைப் பொருத்தியிருப்பதால், சாலையின் இரைச்சலும் நுண்ணதிர்வும் பயணிகளை எட்டுமுன்பே பெருமளவு தணிந்துவிடுகின்றன. பின்பக்கத்தில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் உள்ளன. ஊருக்குப் புறப்படுபவர்களின் பெரிய பெட்டிகளை டிக்கியில் அடுக்கினாலும், கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி வண்டியைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும்.

முன் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சுக்கும்) பின் ஆக்சிலுக்கும் இடையே 117.7 அங்குலம் இருப்பதால், கான்கிரீட் சாலையின் இணைப்புகளைக் கடக்கும்போது வண்டி முன்னும் பின்னும் தலையாட்டுவது குறைவு. 4.6 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் 239 குதிரைத்திறன்தான் தருகிறது. இன்று ஒரு நடுத்தரக் குடும்ப வண்டியே அதைத் தந்துவிடும் என்பது உண்மை. ஆனால் மணிக்கு 70 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுழற்சியிலேயே அது அடக்கமாக ஓடுவதால், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டு வரலாம். நெடும்பயணத்துக்கு வாங்கும் வண்டியின் ஓட்டத்தை அளக்க வேண்டியது இப்படித்தான். பூஜ்யத்திலிருந்து அறுபதை எட்ட எத்தனை வினாடி என்று பார்த்து உங்கள் பெற்றோருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வளைவு விரும்பி:
மேலே எழுதிய நண்பர் நேரான, சீரான சாலையை மட்டும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். மிச்சிகன் சாலைகள் குளிர்காலம் முடிந்ததும் எந்த நிலையில் இருக்கும் என்பது கேள்வி கேட்டவருக்கே தெரியும். டவுன் காரின் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இறுகிய ஆக்சில் இணைக்கிறது. வலது சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் அதன் விளைவு இடது சக்கரத்தையும் தொட்டே தீரும். கனத்த ஆக்சில் மொத்தமும் குதிப்பதால், பின்னால் இருப்பவர்களின் தலை பக்கவாட்டில் ஆடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேலும் கீழுமான மென்மையான அசைவு பெரிய தொல்லை தராது. தசையை இறுக்கிச் சமாளிக்க வைக்கும் இந்தப் பக்கவாட்டு உலுக்கல்தான் களைப்பைத் தருவது.

அதைவிட முக்கியமானது பாதுகாப்பு. வண்டி வழுக்கத் தொடங்கும்போது தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் கொடுத்து நேராக்கும் எலக்ட்ரானிக் நிலைக்கட்டுப்பாடு டவுன் காரில் இறுதிவரை தரப்படவில்லை. சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டுமே உண்டு. 2012 மாடல் ஆண்டு முதல் எல்லாப் புதுக் கார்களிலும் நிலைக்கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள செயின்ட் தாமஸ் ஆலையில் டவுன் கார் உற்பத்தி 2011-இல் நின்றபோது, அந்தத் தகுதி இல்லாத வண்டியாகவே அது விடைபெற்றது. இன்ஜின் பின்சக்கரங்களை மட்டுமே சுழற்றும் டவுன் காரின் பின்சக்கர இழுவையும் பனிச்சாலையும் சேரும் இடத்தில் இதைச் சிறு குறையாக நான் கருதமாட்டேன்.

பழைய வி8:
நிலைக்கட்டுப்பாடு இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் இறுகிய ஆக்சில் பற்றி நீங்கள் எழுதியது பாதி வண்டியைத்தான் பார்த்தது. பின் ஆக்சில் பக்கவாட்டில் நகர்வதைக் கட்டுப்படுத்த 1998-இலேயே வாட்ஸ் லிங்கேஜ் என்ற நெம்புகோல் அமைப்பைச் சேர்த்துவிட்டார்கள். 2003-இல் சேசிஸை உறுதியாக்கி, தொளதொளவென்றிருந்த பழைய ஸ்டீயரிங் அமைப்பை மாற்றி பற்சக்கரமும் பற்சட்டமும் நேரடியாக இணையும் ரேக் அண்ட் பினியன் அமைப்பைப் பொருத்தினார்கள். அதற்கு முந்தைய டவுன் காரை ஓட்டிவிட்டு எல்லா டவுன் காரையும் படகு என்று சொல்பவர்களே அதிகம். இதே அடித்தளத்தில் கட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரைத்தான் நாடெங்கும் காவல்துறையினர் துரத்தலுக்குப் பயன்படுத்தினார்கள்.

வளைவு விரும்பி:
காவல்துறை வண்டியின் ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் வேறு. டவுன் காரின் மென்மையைப் புகழ்ந்துவிட்டு, அதன் பிடிப்புக்குச் சான்றாக இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள இன்னொரு வண்டியைக் காட்டுவது பொருந்தாது. மென்மையும் கட்டுப்பாடும் ஒரே வண்டியில் அமையாது என்றிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். அதே பத்தாண்டில் வந்த லெக்சஸ் எல்எஸ் 430 நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிச் சஸ்பென்ஷனோடு இரண்டையும் ஒருங்கே தந்தது. 2004 முதல் அதில் ஆறு கியர்கள் இருந்தன, டவுன் காரிலோ கடைசி நாள் வரை நான்குதான். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது கியர் சட்டென்று இறங்கி இன்ஜின் உறுமுவதைக் கேட்டால், நான்கு கியர்களுக்கு இடையே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்பது விளங்கும்.

டெட்ராய்ட் வாசி:
கேட்டவர் கேடிலாக்கைப் பற்றியும் கேட்டிருந்தார், அதை யாரும் தொடவில்லை. டிடிஎஸ் முன்சக்கர இழுவை வண்டி என்பதால் பனியில் நம்பிக்கையோடு கிளம்பும். ஸ்டெபிலிட்ராக் என்ற நிலைக்கட்டுப்பாட்டோடு அது கிடைக்கும். உயர்ந்த ரகத்தில், மின்காந்தத்தின் மூலம் தணிப்பு எண்ணெயின் தடிமனை நொடிக்கு நொடி மாற்றும் ஷாக் அப்சார்பர்களும் உண்டு. டவுன் காரில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் செல்லும் தண்டுக்காகத் தரையின் நடுவே பெரிய மேடு இருக்கிறது. பின்னால் மூவர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவரின் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. டிடிஎஸ் வண்டியில் நார்த்ஸ்டார் வி8 இன்ஜினைக் குறுக்குவாட்டில் இடுக்கி வைத்திருப்பதால், சாதாரணப் பழுதுக்கே மெக்கானிக்கின் கூலி கூடிவிடும். அந்த இன்ஜினின் முந்தைய ஆண்டுப் பதிப்புகளில், சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அலுமினிய பிளாக்கில் பிடிமானம் இழந்து ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போவது பேர்போன குறை. டவுன் காரின் இரும்பு பிளாக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. வாடகைக்கு ஓடி மூன்று லட்சம் மைல்களைத் தாண்டிய டவுன் கார்கள் அரிதல்ல. அதன் உதிரிபாகங்களும் எளிதாகக் கிடைக்கின்றன. சொகுசில் என் வாக்கு டிடிஎஸ் பக்கம், செலவில் டவுன் கார் பக்கம். பத்து வயதைக் கடந்த வண்டியை வாங்குகிறவருக்கு இரண்டாவதே பெரிது என்பது என் கருத்து.

பின்னிருக்கைப் பயணி:
அனைவருக்கும் நன்றி. ஆறு அங்குலம் கூடுதல் நீளமுள்ள "எல்" ரகம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்த நீளம் முழுவதும் பின்னிருக்கையின் கால்களுக்கே கிடைக்கிறதாம். அதை வாங்கினால் முழங்கால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பழைய வி8:
இடம் தாராளமாக இருக்கும், கதவும் அகலமாகத் திறக்கும். ஆனால் "எல்" ரகத்தில் பெரும்பகுதி விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் வாடகைக்கு ஓடிய வண்டிகள். அப்படிப்பட்ட வண்டி ஓட்டுநர் காத்திருந்த நேரமெல்லாம் இன்ஜின் அணையாமல் நின்றிருக்கும். ஓடோமீட்டர் அந்த மணிக்கணக்கைக் காட்டாது. பராமரிப்பு ரசீதுகளைக் கேளுங்கள். வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் கதவைத் திறக்குமுன் பின்பகுதி தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் காற்றுப் பையிலோ குழாயிலோ கசிவு இருக்கலாம். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரசரும் சீக்கிரமே போய்விடும். சிலர் செலவைக் குறைக்க இரும்புச் சுருள்களை மாட்டி விற்கிறார்கள். அத்தகைய வண்டியில் நான் மேலே புகழ்ந்த சுய உயரச் சீரமைப்பு இருக்காது என்பதால், கீழே குனிந்து பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

வளைவு விரும்பி:
இந்த ஆலோசனையில் எனக்கும் உடன்பாடே. நிலைக்கட்டுப்பாடு இல்லாத வண்டியை மிச்சிகன் பனிக்காலத்துக்குப் பரிந்துரைக்க மட்டும் என்னால் இயலாது. மீறி வாங்கினால், நான்கு சக்கரங்களுக்கும் தனியாகப் பனிக்கால டயர் வாங்கும் செலவை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சோதனை ஓட்டத்துக்கு விற்பவர் காட்டும் நல்ல சாலையை ஏற்காமல், பெற்றோரைப் பின்னால் அமர்த்தி, குழிகள் நிறைந்த உள்ளூர்த் தெரு ஒன்றில் டவுன் கார், டிடிஎஸ் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். எது உலுக்குகிறது என்பதை நாங்கள் எழுதுவதைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.