ட்ரெய்லர் கூரையிலிருந்து தண்ணி சொட்டுது, அவசர உதவி தேவை

பந்தல்காரன்: வணக்கம். கலியாண மணவறைச் சாமான் ஏற்றும் மூடின ட்ரெய்லரைக் குளிர்காலத்துக்கு வீட்டு வளவில் விட்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் கதவைத் திறந்தால் கூரையிலிருந்து தண்ணி சொட்டுது. ஒரு கிழமையாக மழையும் இல்லை, ஸ்னோவும் இல்லை. மேலே தார்ப்பாயும் கட்டியிருக்கிறேன். எந்த இடத்தில் சிலிக்கோன் அடித்தால் ஒழுக்கு நிற்கும்? தை பிறந்ததும் கலியாணங்கள் தொடங்கிவிடும், பட்டுத் திரையெல்லாம் உள்ளேதான்.

லொறிக்காரன்: எந்த ஊர்? என்ன அளவு? உள்ளே வேறு என்ன இருக்கு? காற்றுத் துவாரம் இருக்கா?

ஓரவிளக்கு: கூரை ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்குகளைப் பாருங்கள். அதன் திருகாணி ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். விளக்கைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

பனிமூப்பர்: ட்ரெய்லர் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. எத்தனை தரம்தான் எழுதுவது? மழையே இல்லாமல் சொட்டினால் அது ஒழுக்கு இல்லை, உள்ளே அடைபட்ட ஈரம். ஓரவிளக்கு, இந்தக் குளிரில் பசை பிடிக்காது. அவரை வீணாக ஏணியில் ஏற்றாதீர்கள்.

ஓரவிளக்கு: ஐயா, நான் பார்த்த ட்ரெய்லர்களில் பாதிக்கு மேல் அங்கேதான் ஒழுகியது. பார்க்கச் சொன்னதில் என்ன தவறு?

பந்தல்காரன்: எட்மன்டன். 7க்கு 14 அடி. உள்ளே மணவறைத் தூண், திரை, மேடைக் கார்ப்பெட். கடைசிக் கலியாணத்தன்று மழை, கார்ப்பெட்டை நனைந்தபடியே சுருட்டி வைத்தோம். பக்கச் சுவரில் இரண்டு துவாரம் உண்டு, எலி வருமென்று டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். இரவில் சின்ன காஸ் ஹீற்றர் வைத்துக் காயவைக்கலாமா?

லொறிக்காரன்: ஹீற்றரை மட்டும் வைக்காதீங்கோ தம்பி. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணி ஆவியாக வரும், அதுவும் ட்ரெய்லருக்குள்ளேயே நிற்கும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. முதலில் டோர்ச் அடித்துக் கூரையைப் பாருங்கோ. குறுக்கு இரும்புகளின் கீழும் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் துளிகள் வரிசையாகத் தொங்கினால், கார்ப்பெட்டின் ஈரம்தான். இரும்பு வழியாகக் குளிர் கெதியா உள்ளே இறங்கும், இரவில் ஈரக்காற்று அதில் உறைபனியாகப் படியும், மத்தியான வெயில் கூரையில் பட்டதும் உருகிச் சொட்டும். ஒழுக்கென்றால் ஒரு மூலையில் மட்டும் கறை இருக்கும்.

கார்ப்பெட்டையும் திரைகளையும் இன்றைக்கே வீட்டுக்குள் எடுத்து விரியுங்கோ. டேப்பைப் பிய்த்துவிட்டுத் துவாரத்துக்கு இரும்பு வலை போடுங்கோ, எலியும் வராது. தார்ப்பாயைக் கழற்றுங்கோ.

சில்லு: தார்ப்பாயைக் கழற்றினால் கூரையில் ஸ்னோ நேரே விழும். நான் ரொறன்ரோவில் எப்போதும் கட்டித்தான் விடுவேன்.

பனிமூப்பர்: கட்டினால் மட்டும் ஸ்னோவின் பாரம் குறையுமா? காற்றில் அடித்து அடித்துப் பெயின்டைத் தேய்க்கும், ஈரத்தையும் வெளியே விடாது. தள்ளுகட்டையால் தள்ளிவிட வேண்டியதுதான். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தினால் உருகும் தண்ணீர் பின்னால் வடிந்துவிடும்.

சில்லு: ரொறன்ரோவில் ஒரே கிழமையில் உறையும், உருகும், மழையும் பெய்யும். இங்கே கட்டாமல் விட்டால் கூரைப் பொருத்துகளுக்குள் தண்ணி போய் உறைந்து வெடிக்கும்.

பனிமூப்பர்: அவர் எட்மன்டன் என்கிறார். ரொறன்ரோக் கதை எதற்கு?

சில்லு: படிக்கிறவர்கள் எல்லாரும் எட்மன்டனிலா இருக்கிறார்கள்?

லொறிக்காரன்: சரி, அதை விடுங்கோ. தம்பி, முன்பக்கப் பெட்டிக்குள் அவசர பிரேக்குக்கென்று ஒரு சின்ன 12 வோல்ட் பற்றரி இருக்கும். சார்ஜ் இறங்கின பற்றரி எட்மன்டன் குளிரில் உறைந்து வெடிக்கும். கழற்றி, முழுசாகச் சார்ஜ் ஏற்றி வீட்டில் வையுங்கோ. ரயருக்குக் கீழே பலகை போடுங்கோ, இல்லாவிட்டால் நிலத்தோடு சேர்ந்து உறையும்.

ஓரவிளக்கு: வசந்தத்தில் அந்த விளக்குகளையும் ஒரு தரம் பாருங்கள்.

பந்தல்காரன்: துளி வரிசையாகத்தான் நின்றது. கார்ப்பெட், திரை எல்லாம் பேஸ்மென்டில் விரித்தாச்சு, துவாரமும் திறந்தாச்சு. இன்று மத்தியானம் சொட்டவில்லை. ஒரு திரையில் மட்டும் பூஞ்சணம், உலர்சலவைக்குக் கொடுத்திருக்கிறேன். பற்றரியை இன்னும் கழற்றவில்லை, பெட்டிப் பூட்டு உறைந்துபோச்சு. எல்லாருக்கும் நன்றி.

லொறிக்காரன்: பூட்டில் சுடுதண்ணி ஊற்றிப்போடாதீங்கோ, திரும்ப உறையும். பூட்டு உருக்கும் ஸ்பிரே அடியுங்கோ.